மின்னாளுமையில் யார் யாருக்கு வாத்தியார்?

கொழிஞ்சாம்பாறையான்: "கணினி வழி அரசுச் சேவையில் கேரளாவுக்கு ஆந்திராதான் வாத்தியார்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புத்தான் வந்தது. 2002-இல் எங்கள் மலப்புறம் மாவட்டத்தில் அக்ஷயா கணினி மையங்களைத் தொடங்கி, வீட்டுக்கு ஒருவருக்குக் கணினி சொல்லிக்கொடுத்தார்கள். அறிவுப் பகிர்வு என்றால் அது. மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள்.

நகரி நாட்டாமை: எழுதியது நான்தான். அப்போது எங்கள் தலைநகராயிருந்த ஐதராபாத்தில் பில் கட்டும் சேவை மையமான ட்வின்ஸ் வந்தது 1999. அதுவே 2001-இல் இ-சேவா ஆனது. இப்போது சொல்லுங்கள், யார் பின்னால் வந்தது?

கொழிஞ்சாம்பாறையான்: சரி, அக்ஷயாவை விடுங்கள். எல்லா பில்லும் ஒரே இடத்தில் கட்டும் ஃபிரண்ட்ஸ் மையம் 2000-லேயே திருவனந்தபுரத்தில் வந்தாயிற்று.

நகரி நாட்டாமை: 2000-க்கு முன்னால் 1999. எங்கள் ஊர்ப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வேலந்தாவளம் வாசகி: வருஷச் சண்டை எதற்கு? இங்கே ஒரு அக்ஷயா மையத்தில் எந்தச் சான்றுக்கு எந்தத் தாளை ஏற்றவேண்டும், எதைத் தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் அத்துபடி. அவள் கல்யாணமாகிப் பொள்ளாச்சி போய்விட்டாள். புதுப் பையன் ஒவ்வொன்றுக்கும் அவளுக்குப் போன் போடுகிறான், நாங்கள் வரிசையில் நிற்கிறோம். தமிழில் ஒரு தாள் குறிப்புகூட எழுதிவைக்கவில்லை. பகிர்வு என்றால் இதைப் பேசுங்கள்.

நகரி நாட்டாமை: உங்கள் கஷ்டம் புரிகிறது அம்மா. ஆனால் 1999-க்குப் பதில் வரவில்லையே? பத்திரப் பதிவைக் கணினிக்குக் கொண்டுபோன கார்டு திட்டம் 1998. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறையான்: பதிவு அலுவலகமும் சேவை மையமும் ஒன்றா? ரேஷன் அட்டை விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் தடம் மாறினீர்கள்.

நகரி நாட்டாமை: அதில் பாதியில் காணாமல் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனைமலை ஆறுமுகம்: பகிர்வைப் பற்றிக் கேரளாக்காரர் பேசுகிறாரா? 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி பாலக்காட்டுச் சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து நாங்கள்தான் விடுகிறோம்.

கொழிஞ்சாம்பாறையான்: விடுகிறீர்களா? கோடையில் மணக்கடவு அணைக்கட்டுக்கு வந்து பாருங்கள்.

நகரி நாட்டாமை: ஆந்திராவில் எங்களுக்கும் ஒரு சித்தூர் உண்டு. அங்கே ஒரு சொட்டும் வரவில்லை.

வேலந்தாவளம் வாசகி: தண்ணீருக்குப் போய்விட்டீர்களா? நல்லது. பையன் இன்னும் போனில்தான் இருக்கிறான்.

நகரி நாட்டாமை: நான் விஷயத்தில்தான் நிற்கிறேன் அம்மா. 1999. மறுப்பவர் மறுக்கலாம்.

கொழிஞ்சாம்பாறையான்: ட்வின்ஸ் ஒரே ஊரில் நடந்த வெறும் சோதனை முன்னோட்டம். முன்னோட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நகரி நாட்டாமை: மலப்புறத்தில் மட்டும் நடந்ததற்குப் பெயர் என்னவாம்?