குளிரில் மின்சார கார்: அலுவலகப் பயணத்தில் சார்ஜ் கரைகிறது, நெடும்பயணத்தில் அவ்வளவு இல்லை, ஏன்?

புதுச்சக்கரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோடையில் வாங்கிய என் மின்சார காருக்கு இதுவே முதல் குளிர்காலம். பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 60 யூனிட். வெயில் நாட்களில் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவாகி, ஒரு முழு சார்ஜில் 400 கிலோமீட்டர் வரை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது காலையில் மைனஸ் 7 டிகிரி. வீட்டிலிருந்து அலுவலகம் 8 கிலோமீட்டர்தான். ஆனால் போய் இறங்கும்போது திரையில் 100 கிலோமீட்டருக்கு 35 யூனிட் என்று காட்டுகிறது. மாலையில் திரும்பும்போதும் அதே நிலைதான்.

பேட்டரி பழுதாகிவிட்டதோ என்று அஞ்சிக்கொண்டிருந்தபோது, சென்ற வாரம் இதே குளிரில் நெடுஞ்சாலையில் 210 கிலோமீட்டர் செல்ல நேர்ந்தது. அன்று சராசரி 20 யூனிட்தான். வேகமாக ஓட்டினால் அதிகம் செலவாகும் என்றுதானே சொல்வார்கள்? இங்கே தலைகீழாக இருக்கிறதே! இன்னொன்றும் கவனித்தேன்: காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வழக்கம்போலப் பிடித்து இழுத்து வேகம் குறைவதில்லை, பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறது. இவை இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நெடுவழி:

உங்கள் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 35 என்ற விகிதத்தில் 8 கிலோமீட்டர் என்றால் மொத்தச் செலவு 2.8 யூனிட். சக்கரத்தைச் சுழற்ற அதில் ஏறத்தாழ பாதி போதும். மீதிப் பாதி, இரவெல்லாம் வெளியில் நின்று சில்லிட்டுப்போன இருக்கைகளையும் கண்ணாடிகளையும் உள்ளிருக்கும் காற்றையும், சில கார்களில் பேட்டரியையுமே, சூடேற்றுவதில் தீர்ந்திருக்கிறது. கார் கதகதப்பாகும் நேரத்தில் நீங்கள் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். மாலைக்குள் அது மறுபடியும் குளிர்ந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் அந்த முதல் சூட்டுக்கான விலையை இரண்டு முறை கொடுக்கிறீர்கள். நெடும்பயணத்தில் அதை ஒரே முறை கொடுத்தீர்கள். அது 210 கிலோமீட்டரில் பரவியதால் கண்ணுக்கே தெரியவில்லை.

ஹீட்டரின் செலவு நேரத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்ததன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே சூடான பிறகு அதே சூட்டைத் தக்கவைக்க 2 கிலோவாட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அது 100 கிலோமீட்டருக்கு 2 யூனிட். நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டராக ஊர்ந்தால் அதுவே 10 யூனிட்.

குளிரில் குறையும் தூரத்தில் பெரும்பங்கு ஹீட்டருடையது என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2019ஆம் ஆண்டு ஐந்து மின்சார கார்களைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. ஏறத்தாழ 24 டிகிரியில் ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டரைப் போடாமல் ஓட்டியபோது சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. ஹீட்டரைப் போட்டதும் 41 சதவீதம் குறைந்தது.

அயனி:

மேலே சொன்ன கணக்கு சரி. பிரேக் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

பேட்டரியின் லித்தியம் அயனி செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம், குளிர் ஏற ஏற எண்ணெய்போலக் கெட்டிப்படுகிறது. அதனூடே அயனிகள் நகர்வதும் மந்தமாகிறது, உள்மின்தடை கூடுகிறது. மின்சாரத்தை வெளியே எடுக்கும்போது இதனால் சிறிது வீணாகும், அவ்வளவே. உள்ளே செலுத்துவதுதான் சிக்கல். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லில் வேகமாக மின்சாரத்தைச் செலுத்தினால், செல்லின் ஒரு மின்முனையான கிராஃபைட்டுக்குள் புகுந்து இடம்பிடிக்க வேண்டிய லித்தியம் புகமுடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயனுக்கு வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

காலை எடுத்ததும் வண்டியை இழுத்துப் பிடிப்பது, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால்தான். அதுவும் ஒருவகை சார்ஜ்தானே. எனவே பேட்டரி குளிர்ந்திருக்கும்வரை காரின் கட்டுப்பாட்டு அமைப்பு அதைத் தடுத்துவைக்கிறது. நீங்கள் பழுது என்று எண்ணியது, பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். குளிர்ந்த பேட்டரியோடு வேக சார்ஜருக்குப் போனால் முதலில் மெதுவாகவே ஏறுவதற்கும் இதுவே காரணம். வீடு திரும்பியதும், பேட்டரியில் சூடு இருக்கும்போதே சார்ஜில் போட்டுவிடுவது நல்லது.

வழிப்போக்கன்:

என்னைக் கேட்டால், ஹீட்டரை அணைத்துவிட்டு கனமான மேலாடையோடு ஓட்டலாமே? 8 கிலோமீட்டருக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

நெடுவழி:

நானும் ஒரு குளிர்காலம் அப்படிச் செய்து பார்த்தவன்தான். மூன்றாவது சிக்னலுக்குள் என் மூச்சுக்காற்றே முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, கைக்குட்டையால் துடைத்த இடத்தில் மட்டும் சாலை தெரிந்தது. மிச்சப்படுத்திய அரை யூனிட்டுக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை. கண்ணாடிக்கு மட்டும் சூடான காற்றை விட்டுவிட்டு, உடம்புக்கு இருக்கை ஹீட்டரையும் ஸ்டியரிங் ஹீட்டரையும் நம்பலாம். அவை இரண்டும் சேர்ந்தே சில நூறு வாட்டுக்கு மேல் எடுப்பது அரிது.

பழைய எஞ்சின்:

இதைப் படிப்பவர்கள் பெட்ரோல் கார் குளிரில் மாறாமல் ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க எரிசக்தித் துறையின் தகவல்படி, 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் குறும்பயணங்களில் அது 24 சதவீதம் வரை போகலாம். குளிர்காற்று அடர்த்தி மிகுந்தது என்பதாலும், டயர்கள் விறைத்து அவற்றின் காற்றழுத்தம் இறங்குவதாலும் எந்த வண்டிக்கும் இழுவை கூடத்தான் செய்யும். வேறுபாடு எங்கே என்றால், பெட்ரோலின் ஆற்றலில் பாதிக்கும் மேலானதை எஞ்சின் எப்போதும் வெப்பமாகவே வெளியே தள்ளுகிறது. அதில் கொஞ்சத்தைத்தான் ஹீட்டர் வாங்கிக்கொள்கிறது. மின்மோட்டாரில் அப்படி வீணாகும் வெப்பம் மிகக் குறைவு என்பதால், உள்ளே சூடு வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

உங்கள் காரில் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூட்டைத்தான் தரும். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை; கிணற்றிலிருந்து நீரை இறைப்பதுபோல, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஒரு யூனிட்டுக்கு இரண்டு யூனிட்டோ அதற்கு மேலோ சூடு கிடைக்கும். ஆனால் கிணறு ஆழமாக ஆழமாக இறைப்பது கடினம். மைனஸ் 20 டிகிரியில் அந்த ஆதாயம் பெரிதும் சுருங்கிவிடும். விற்பனைக் கையேடுகள் இந்தப் பகுதியைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

புதுச்சக்கரம்:

அனைவருக்கும் நன்றி. என் காரில் ஹீட் பம்ப் இல்லை என்று கையேட்டில் பார்த்துக்கொண்டேன். செயலியில் புறப்படும் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இரவு சார்ஜில் போட்டபடியே விட்டு, காலை 8 மணி என்று குறித்துவைத்தேன். ஏறி அமரும்போதே கண்ணாடியில் பனி இல்லை, உள்ளே சூடாக இருந்தது. அலுவலகத்தில் இறங்கும்போது திரையில் 22! மாலையில் அங்கே சார்ஜ் போட இடமில்லாததால் திரும்பும்போது மறுபடியும் 34.

நெடுவழி:

நன்று. ஆனால் ஒன்று: திரையில் குறைந்த அந்த 13, மின்கட்டணத்தில் அப்படியே குறைந்துவிடாது. அந்தச் சூட்டுக்கான மின்சாரம் இப்போது பேட்டரியிலிருந்து போகாமல் சுவர் பிளக்கிலிருந்து நேராகப் போகிறது, அவ்வளவுதான். ஓட்டதூரம் தேவைப்படும் நாளில் அது பெரிய ஆதாயம். தினமும் 16 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் உங்களுக்கு, சூடான இருக்கையில் போய் அமரலாம் என்பதுதான் உண்மையான லாபம்.