கைக்குழந்தைக்கு எத்தனை கிலோ? டிக்கெட்டில் பூஜ்யம் என்று இருக்கிறது

நீடாமங்கலத்துப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிவிட்டது, அடுத்த வாரம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் திரும்புகிறேன். வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார், அதனால் நானும் பிள்ளைகளும் மட்டும்தான். பெரியவனுக்கு நாலு வயது, பாப்பாவுக்கு ஏழு மாதம். பட்ஜெட் விமானம். டிக்கெட்டில் எனக்கு 20 கிலோ, பெரியவனுக்கு 20 கிலோ என்று இருக்கிறது, பாப்பா பெயருக்கு நேரே 0. பாப்பாவுக்கும் காசு கட்டித்தானே எடுத்தோம், இது தப்பாகப் பதிவானதா? என் தோழி வேறு விமானத்தில் போனபோது கைக்குழந்தைக்கு 10 கிலோ கொடுத்தார்களாம்.

அப்புறம் ஸ்ட்ரோலரை இந்த 40 கிலோவில் சேர்ப்பார்களா? பாப்பாவுக்கு வெந்நீர், பால் பவுடர் எல்லாம் கையில் கொண்டுபோகலாமா? இதைவிடப் பெரிய பிரச்சினை வீட்டில் இருக்கிறது. அம்மா ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறார், மாமா நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குடமுருட்டி:

தப்பு இல்லை தங்கச்சி, பூஜ்யம்தான். இரண்டு வயது முடியாத குழந்தைக்கு நீங்கள் கட்டியது மடியில் உட்காருவதற்கான காசு, சீட்டுக்கு இல்லை. சீட் இல்லையென்றால் பெட்டியும் இல்லை என்பது பட்ஜெட் விமானங்கள் பலவற்றின் கணக்கு. உங்கள் தோழி போனது சாப்பாடு, பெட்டி எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்ந்த விமானமாக இருக்கும், அந்த மாதிரி நிறுவனங்கள் பலவற்றில் கைக்குழந்தைக்கு 10 கிலோ தனியாகக் கொடுக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் 50 கிலோ கட்டிக்கொண்டு போனால் கவுண்டரில்தான் தெரியும்.

பெரியவனுக்குச் சீட் இருக்கிறது, அவனும் முழுப் பயணி, அவனுடைய 20 அவனுக்கு. மூன்று பேரும் ஒரே பதிவு எண்ணில் இருந்தால் 20ஐயும் 20ஐயும் சேர்த்து 40 என்று பார்க்கிற நிறுவனங்கள் உண்டு, உங்கள் விமானத்தில் அப்படியா என்று டிக்கெட்டின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். அதற்காக ஒரே பெட்டியில் திணித்துவிடாதீர்கள், 32 கிலோவுக்கு மேல் போனால் எவ்வளவு பணம் கட்டுகிறேன் என்றாலும் அந்தப் பெட்டியை எடுக்க மாட்டார்கள், தூக்கிப் போடுகிற ஆளின் முதுகுக்காக வைத்த அளவு அது.

கூடுதல் கிலோ வேண்டுமென்றால் இன்றைக்கே ஆன்லைனில் வாங்குங்கள். கவுண்டரில் அதே கிலோவுக்குக் கேட்கிற விலையைப் பார்த்தால் குத்துவிளக்கை அங்கேயே ஏற்றி வைத்துவிட்டு வரலாம் என்று தோன்றும்.

வெண்ணாற்றங்கரை:

ஸ்ட்ரோலர் பற்றி நான் சொல்கிறேன், அனுபவித்தவன். மடிக்குழந்தை இருந்தால் மடக்குகிற ஸ்ட்ரோலர் ஒன்றைப் பெரும்பாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்வார்கள், கிலோவில் சேராது. ஆனால் எங்கே வாங்குகிறார்கள், எங்கே திருப்பித் தருகிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போக விடுவார்கள், சிலர் கவுண்டரிலேயே வாங்கிவிடுவார்கள். இறங்கினதும் வாசலில் வருமா, பெல்ட்டில் வருமா என்று கொடுக்கும்போதே கேளுங்கள். நான் கேட்கவில்லை. நள்ளிரவில் விமான வாசலில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன், அது பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் முன்சக்கரம் ஒன்று உடைந்து.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போன் செய்தால், கொடுக்கும்போதே ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், உறையில்லாமல் கொடுத்த சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். அந்த லிமிடெட் ரிலீஸ் சீட்டை நான் படிக்கவே இல்லை. நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெட்டி சேவைக் கவுண்டரில் புகார் எழுதி அதன் நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். விமானப் பயணத்தில் நஷ்ட ஈடு பற்றி நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, இந்தியாவும் சிங்கப்பூரும் இரண்டுமே அதில் உண்டு. அதன்படி சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதம் என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். நஷ்ட ஈட்டுக்கு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியம் வைத்திருக்கிற கணக்கு அலகு) என்று உச்ச வரம்பு, 2024 டிசம்பர் கடைசியில்தான் அதை 1,288லிருந்து ஏற்றினார்கள். அது வரம்பு, அப்படியே தூக்கிக் கொடுக்கிற தொகை இல்லை. எனக்குச் சக்கரத்துக்கான காசு மட்டும் வந்தது, அதற்கும் ஆறு மெயில்.

பழைய போர்வையைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக் கொடுங்கள். உறையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பாபநாசம் பெரியம்மா:

அம்மா, நான் என் மகளுக்கு மூன்று பிரசவம் பார்த்து மூன்று தடவை கட்டிக் கொடுத்து அனுப்பினவள், அதனால் சமையல்கட்டு சாமான் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் கசகசா. உங்கள் அம்மா குருமாப் பொடியிலோ லேகியத்திலோ போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். சிங்கப்பூரில் கசகசாவைப் போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள், துபாய்ப் பக்கமும் அப்படித்தான். நமக்கு அது பாயசத்துக்கு அரைக்கிற சாமான், அவர்களுக்கு அது அபினிச் செடியின் விதை. ஒரு பொட்டலம்கூட வேண்டாம்.

அடுத்தது கொப்பரை. தோப்பு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் பிள்ளைக்குக் கொப்பரை கட்டுவோம். அது 2022லிருந்து இங்கே பெட்டியில் போடத் தடை. எண்ணெய்ப் பசை அதிகம், மூடிக் கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கிற வகை என்று சர்வதேசப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லி உங்களை உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள், இரண்டு பிள்ளையோடு அந்த அலைச்சல் எதற்கு.

நெய், ஊறுகாய், லேகியம் எல்லாம் பெரிய பெட்டிக்குள்தான். 100 மில்லிக்கு மேலே போனால் கையில் விடமாட்டார்கள், நெய் உறைந்திருந்தாலும் விடமாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் தலைகீழ், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது.

பாப்பாவின் பால், கூழ், மருந்துக்கு அந்த 100 மில்லி கணக்கு இல்லை, போகிற நேரத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம், வெளியே எடுத்துக் காட்டச் சொல்வார்கள் அவ்வளவுதான். ஆனால் வெந்நீருக்கு மட்டும் நான் வாக்குவாதம் வேண்டாம் என்பேன். ஃபிளாஸ்க்கைக் காலியாக எடுத்துப்போய்ச் சோதனை முடிந்ததும் உள்ளே காபிக் கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள், என் மகள் அப்படித்தான் செய்தாள். திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு இரண்டு தடவைப் பால், ஒரு தடவைக்குக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். டயப்பர், ஒரு மாற்றுத்துணி, உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை, இதெல்லாம் கையில். உங்களுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டித் தம்பி:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். அக்கா மகளுக்குப் போகும்போது ஒரு வயது பதினோரு மாதம், திரும்பி வரும்போது இரண்டு முடிந்துவிடும். மடி டிக்கெட்டே எடுக்கலாமா?

குடமுருட்டி:

போவதற்கு மடி, வருவதற்குச் சீட். இரண்டு வயது முடிந்த பிறகு வருகிற பயணத்துக்குச் சீட் கட்டாயம், புறப்படுகிற தேதியைத்தான் பார்ப்பார்கள். சேர்த்து எடுக்க இணையதளம் தகராறு செய்தால் இரண்டு தனி டிக்கெட்டாகப் போடுங்கள். திரும்பும்போது அவளுக்கும் பெட்டி கிடைக்கும், அதையாவது லாபமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலத்துப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் இரண்டு பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றி அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 51 கிலோ. கடைக்காரர் சிரித்துவிட்டார். விளக்கை எடுத்ததும் 43. தம்பி தை மாதம் வருவான், அவன் கொண்டுவரட்டும் என்று சொன்னதில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் சரி என்றுவிட்டார். ஐந்து கிலோ ஆன்லைனில் வாங்கிவிட்டேன். லேகியத்தில் கசகசா இல்லை, ஆனால் குருமாப் பொடியில் இருந்தது பெரியம்மா, நீங்கள் சொல்லாவிட்டால் அப்படியே போயிருக்கும். ஸ்ட்ரோலருக்கு அப்பா சாக்கு ஒன்றை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது இரண்டு கிலோ மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மா வடகம் வைக்கட்டுமா என்று கேட்கிறார்.

பாபநாசம் பெரியம்மா:

வைக்கச் சொல்லுங்கள். டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், பையில் போட்டால் தூளாகிவிடும்.