ஜிப்ஸி 410-க்கு டீசல் என்ஜின் போடலாமா?

பள்ளத்தூர்வாசி:
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்கள் வீட்டில் 1992 மாடல் மாருதி ஜிப்ஸி 410 ஒன்று நிற்கிறது. அப்பச்சி வாங்கியது, 970 சிசி பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. புதுவயல் பக்கம் இருக்கிற தோப்புக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டம், மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். தார் ரோட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்மாய்க் கரை ஏறும்போதுதான் தொல்லை. பின்னால் நாலு மூட்டை தேங்காய் கிடந்தால் லோ ரேஞ்ச் (மேடு ஏறுவதற்கான மெதுவான கியர்) போட்டும் முனகுகிறது, கொஞ்ச நாளாகப் புகையும் தள்ளுகிறது, லிட்டருக்குப் பத்து கிடைத்தாலே பெரிய விஷயம். காரைக்குடியில் ஒரு மெக்கானிக், பழைய கான்டெஸா காரில் இருந்து இறக்கிய இசுசு 2 லிட்டர் டீசல் என்ஜினைக் கியர்பாக்ஸோடு வைத்திருக்கிறார். ஏற்றி ஓட்டிக் காட்டுவது வரை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்கிறார். தோப்பில் டிராக்டருக்காக எப்போதும் டீசல் கேன் இருக்கும், அதுவும் ஒரு வசதி. போடலாமா?

தேவகோட்டை டீசல்:
யோசிக்கவே வேண்டாம் தம்பி, போடுங்கள். ஜிப்ஸிக்கு இருந்த ஒரே குறை என்ஜின்தான். 1985-இல் வந்த வண்டி, 2019 வாக்கில் நிறுத்துகிற வரைக்கும் கம்பெனி அதற்கு ஒரு டீசல் கொடுக்கவே இல்லை. சேஸிஸ் நல்லது, ஆக்ஸில் நல்லது, எடை ஒரு டன்னை ஒட்டித்தான் வரும். அதில் ஒரு டீசலை உட்கார வைத்தால் கரை ஏறும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஐடிலில் ஏறும். நான் அப்படித்தான் பல வருடமாக ஓட்டுகிறேன், அதே இசுசுதான். செம்மண் ரோட்டில் மழைக்கு அப்புறம் பெட்ரோல் வண்டிக்காரன் ரெவ் ஏற்றி ஏற்றிச் சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பான், நாம் பக்கத்தில் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பழைய இரும்பு:
வந்துவிட்டார் அண்ணன். யார் என்ன கேட்டாலும் இவரிடம் ஒரே மருந்து.

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டி புகை தள்ளுகிறது, இழுக்கவில்லை, குடிக்கிறது. இது மூன்றும் ரிங் தேய்ந்த என்ஜினுக்கும் பொருந்தும், கார்புரேட்டர் கெட்ட என்ஜினுக்கும் பொருந்தும், வால்வ் சீட் போன என்ஜினுக்கும் பொருந்தும். என்ன நோய் என்று பார்க்காமல் ஆளையே மாற்றுவேன் என்றால் எப்படி? நல்ல நிலையில் இருக்கிற 410, நாலு மூட்டைத் தேங்காயோடு கண்மாய்க் கரை ஏறும். லோ ரேஞ்சில் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் சுழற்சியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கிற பெட்டி) சுற்றை 2.5 மடங்குக்கு மேல் குறைத்து இழுவையைக் கூட்டிக் கொடுக்கிறது. ஏறவில்லை என்றால் என்ஜின் களைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சின்ன என்ஜின் என்று பழி போடாதீர்கள். அப்புறம், வண்டியின் குணமே அதன் எடையில்தான் இருக்கிறது. முன்னால் வார்ப்பிரும்பு டீசலை வைத்தால் முன் லீஃப் ஸ்பிரிங் படுத்துவிடும், ஈரச் சேற்றில் மூக்கு முதலில் இறங்கும், ஸ்டியரிங் கனக்கும். மிதந்து போகிற வண்டியை உழுகிற வண்டியாக மாற்றுகிற வேலை இது.

தேவகோட்டை டீசல்:
முன்னால் ஒரு லீஃப் கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு?

பழைய இரும்பு:
லீஃப் போட்டால் உயரம் நிற்கும். எடை எங்கே போகும் அண்ணே?

லேத் பட்டறை:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள், வேலை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஜிப்ஸியில் ஒரு நல்ல விஷயம், கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியிருக்காது, நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட்தான் இணைக்கும். அதனால் கான்டெஸா என்ஜினை அதன் சொந்தக் கியர்பாக்ஸோடு அப்படியே இறக்கி, குட்டை ஷாஃப்டை மட்டும் அளவெடுத்து வெட்டி, ஃபிளாஞ்ச் மாற்றிப் பாலன்ஸ் பார்த்தால் போதும். என்ஜினையும் வேறு கியர்பாக்ஸையும் பொருத்துகிற அடாப்டர் பிளேட் தேவையில்லை. மாருதி கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு வேறு என்ஜினைச் சேர்க்கிறவர்கள்தான் பிளேட் கடைந்து, சென்டர் நூல் பிசகினாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்ன விட்டு, மாசா மாசம் கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருப்பார்கள். டயல் கேஜ் வைத்து மையம் அளக்காமல் பிளேட் போடுகிறவரிடம் வண்டியை விடவே கூடாது.

இனி கேட்க வேண்டியது. என்ஜின் அடியில் இருக்கிற ஆயில் சம்ப் (ஆயில் தொட்டி) முன் டிஃபரன்ஷியலில் இடிக்குமா, இடித்தால் சம்ப்பை வெட்டி ஒட்டப் போகிறாரா, ஆயில் உறிஞ்சுகிற பிக்கப் குழாயையும் சேர்த்து மாற்றுவாரா? ரேடியேட்டர் பழசேதானா? டேங்குக்கு ரிட்டர்ன் லைன் போடுவாரா? பிரேக் பூஸ்டர் இருக்கிற வண்டி என்றால் அதற்கு வேண்டிய வாக்குவம் (உறிஞ்சல்) எங்கிருந்து வரும்? பெட்ரோல் என்ஜினில் மேனிஃபோல்டிலேயே உறிஞ்சும். டீசலில் திராட்டில் தட்டு இல்லை, உறிஞ்சல் இல்லை, ஆல்டர்னேட்டர் முதுகில் வாக்குவம் பம்ப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பிரேக் மிதித்தால் கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. 410-இல் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சிலேயே (சாதாரண ஓட்டத்திலேயே) சுற்றை 1.58 மடங்கு குறைக்கிறது, அதற்கு மேல் ஆக்ஸிலில் நாலு மடங்குக்குச் சற்று அதிகம். ஐயாயிரம் ஆறாயிரம் சுற்று சுற்றுகிற சின்ன பெட்ரோலுக்காகப் போட்ட கணக்கு இது. டீசல் 4000-க்கு மேல் போக மனசில்லாமல் இருக்கும். கம்பெனி டயர் அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலாவது கியரில் 4000 சுற்றுக்கு 80 கிலோமீட்டர் வேகம் வருவதே கஷ்டம். அஞ்சாவது கியர் ஓவர்டிரைவ் (என்ஜினை விட வேகமாகச் சுற்றுகிற கியர்) என்றால் 90-ஐத் தொடலாம். திருச்சி ரோட்டில் போனால் பஸ்காரன் பின்னால் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான்.

தேவகோட்டை டீசல்:
தம்பி தோப்புக்குப் போகிறார், திருச்சிக்கு இல்லை. நான் அறுபதில்தான் போவேன், என்னை யாரும் கொல்லவில்லை.

பள்ளத்தூர்வாசி:
அண்ணே, அதே மெக்கானிக் மாருதி எஸ்டீம் காரின் டீசல் என்ஜினும் ஒன்று வரும் என்றார், எடை குறைவாம். ஸ்விஃப்ட் டீசல்கூடப் போடலாம் என்கிறார்கள். அவை எப்படி?

பழைய இரும்பு:
எஸ்டீமில் இருந்தது பெஜோ 1527 சிசி. டர்போ கிடையாது, 57 குதிரை, டார்க் (இழுவை) ஏறத்தாழ 95 நியூட்டன் மீட்டர். பின்னால் வந்த ஜிப்ஸி கிங்கின் 1300 சிசி எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன்) பெட்ரோல் என்ஜின் 80 குதிரை, 103 நியூட்டன் மீட்டர். அதாவது ஒன்றரை லட்சம் கொடுத்து, சத்தத்தையும் ஆட்டத்தையும் வாங்கிக்கொண்டு, மாருதியின் சொந்தப் பெட்ரோலை விடக் குறைவான இழுவையைப் பெறலாம். டீசல் என்ற பெயரிலேயே இழுவை இருக்கிறது என்று நினைப்பதால் வருகிற வினை இது. என்னைக் கேட்டால், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த 1300-ஐப் போடுங்கள், ஜிப்ஸிக்கு ஜிப்ஸி.

தேவகோட்டை டீசல்:
அந்த 103 எந்தச் சுற்றில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 4500-இல். பெஜோவுக்கு அதில் பாதிச் சுற்றே போதும். சேற்றில் நிற்கிறபோது 4500 வரைக்கும் ஏற்றிப் பாருங்கள், பின்னால் நிற்கிறவன் சட்டை முழுக்கச் செம்மண்தான்.

லேத் பட்டறை:
இதில் தேவகோட்டை அண்ணன் சொல்வது சரி. உச்ச எண்ணை மட்டும் பார்த்து டார்க்கை ஒப்பிடக் கூடாது. ஸ்விஃப்ட் டீசலான மல்டிஜெட்டை எடுத்தால் 1248 சிசியில் 190 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றிலேயே. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது குறுக்கே படுக்கிற என்ஜின், முன் சக்கர வண்டிக்குச் செய்தது, ஜிப்ஸியில் நெடுக்கே திருப்பி வைக்கப் பிளேட், மவுண்ட், இன்டர்கூலர் குழாய் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் வைத்து டீசல் பீய்ச்சுகிற காமன் ரெயில் என்பதால் இ.சி.எம். (அந்தக் கம்ப்யூட்டர்), வயரிங், சாவி இம்மொபிலைசர் எல்லாம் ஒரே வண்டியில் இருந்து ஒரே செட்டாக எடுக்க வேண்டும். 190-ஐ லோ ரேஞ்சில் பெருக்கி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு மிதித்தால் முன் ஆக்ஸிலில் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே சுழற்றுகிற சி.வி. ஜாயின்ட் முதலில் போகும். பழைய இசுசுவில் கம்பியும் பம்ப்பும்தான், தோப்பு நடுவில் நின்றாலும் ஸ்பேனரை வைத்து ஏதாவது செய்யலாம்.

கண்டனூர்க்காரி:
நான் வாகனக் காப்பீட்டு கிளெய்ம் வேலை பார்க்கிறேன். டார்க் பேசுகிறீர்கள், ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தை ஒருத்தரும் பேசவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் போன்றவற்றுக்கு அனுமதி பெற்று மாற்ற வழி இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் யாரோ ஒரு காரின் டீசல் என்ஜினைப் போடுவது அந்தக் கணக்கில் வராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம்.

1992 வண்டி என்றால் 15 வருடம் 2007-இல் முடிந்திருக்கும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு. ஒழுங்காகச் செய்திருந்தால் அடுத்தது 2027. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து என்ஜின் நம்பரைப் பார்ப்பார். ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே கான்டெஸா டீசல். என்ன சொல்வீர்கள்?

தேவகோட்டை டீசல்:
நம் பக்கம் எத்தனை ஜீப் பெட்ரோலாக வந்து டீசலாக ஓடுகிறது, ஆர்.சி.யிலும் டீசல் என்றே ஏறியிருக்கிறது. அவர்களை எல்லாம் உள்ளே போட்டார்களா?

கண்டனூர்க்காரி:
அவை பெரும்பாலும் அந்தக் காலத்தில் மாற்றி எழுதியவை அண்ணே. 2000-இல் பிரிவு 52-ஐத் திருத்திய பிறகு கதை வேறு. பிடிபடுவதை விடுங்கள். தோப்பில் இருந்து வருகிறபோது ஒருத்தர் மேல் மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எங்கள் சர்வேயர் முதலில் பார்ப்பது என்ஜின் நம்பரைத்தான். வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிப்பு ஆகலாம். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு வழக்குப் போடவும் வாய்ப்பு இருக்கிறது. ஒன்றரை லட்சத்தோடு நிற்காது.

பழைய இரும்பு:
இதைத்தான் நானும் சொல்கிறேன், மாற்றாதீர்கள் என்று.

கண்டனூர்க்காரி:
மன்னிக்கவும், நீங்கள் சொன்ன 1300 பெட்ரோலும் இதே பிரிவில்தான் மாட்டும். ஆர்.சி.யில் 970 சிசி. அதே வகை என்ஜினை மாற்றி நம்பரைப் பதிவு செய்து வாங்கலாம், அது வேறு. சிசி மாறினால் பெட்ரோல் என்றாலும் மாற்றம் மாற்றம்தான்.

தேவகோட்டை டீசல்:
ஹா. இப்போது பேசுங்கள் இரும்பு.

பழைய இரும்பு:
சரி, அக்கா சொல்வது நியாயம், 1300-ஐ விட்டுவிடுகிறேன். அப்படியானால் 970-ஐயே ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன் ரிங் மாற்றி, ஹெட்டை இறக்கி வால்வ் லேப் செய்யட்டும் (வால்வ் நன்றாக அடையும்படி தேய்க்கட்டும்). உதிரிப் பொருள் கிடைக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நூறு வருட நிலைக்கதவே விலைக்குக் கிடைக்கிற ஊரில் ஒரு பிஸ்டன் செட் கிடைக்காதா என்ன. பழைய மஹிந்திரா ஜீப்களில் இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோலை அத்தனை பேரும் எடைக்குப் போட்டு டீசல் ஏற்றினார்கள். இன்றைக்கு ஒரிஜினல் என்ஜினோடு ஜீப் வேண்டும் என்று ஆள் தேடி அலைகிறார்கள்.

அப்புறம் கணக்கு. மாதம் 600 கிலோமீட்டர். பெட்ரோலில் லிட்டருக்கு 10 என்றால் 60 லிட்டர், 100 ரூபாய் வைத்தாலும் 6000. டீசலில் 14 கிடைக்கிறது என்றே வையுங்கள், 43 லிட்டர், 92 ரூபாய் வீதம் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் மாதம் 2000. ஒன்றரை லட்சம் திரும்பி வர ஆறு வருடம் ஆகும், அதற்குள் அந்தக் கான்டெஸா என்ஜினுக்கு ஒரு முறை பம்ப் காலிப்ரேஷன், நாஸில் வேலை வராமல் இருக்காது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கு வேறு மாதிரி நின்றது, அன்றைக்கு மாற்றியவர்களுக்கு லாபம். அண்ணன் அந்தக் காலத்து விலையிலேயே இன்னும் பேசுகிறார்.

தேவகோட்டை டீசல்:
எல்லாவற்றையும் ரூபாயில் பார்த்தால் ஜிப்ஸியே வாங்கக் கூடாது, ஒரு மொபெட் போதும். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்கிறபோது ரோட்டுக்கு மேல் முழங்கால் தண்ணீர் ஓடும், உங்கள் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து நடுவில் நின்றுவிடும். டீசலுக்குப் பிளக் இல்லை, பொறி இல்லை, போய்க்கொண்டே இருக்கும்.

லேத் பட்டறை:
போகும், ஏர் ஃபில்டர் வாய் வரைக்கும் தண்ணீர் ஏறாத வரை. உறிஞ்சிவிட்டால் பெட்ரோல் பெரும்பாலும் அணைந்து நிற்கும், டீசலில் கம்ப்ரெஷன் ஏறத்தாழ இரட்டிப்பு, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரப்பர் உறை போட்டுக் கிரீஸ் அடித்தால் பெட்ரோலும் முழங்கால் தண்ணீரைத் தாண்டும்.

பள்ளத்தூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஆர்.சி. விஷயம் இவ்வளவு இருக்கும் என்று மெக்கானிக் சொல்லவே இல்லை, அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றார். டீசலுக்கு மனசு இன்னும் இழுக்கிறது, மறைக்கவில்லை. அப்பச்சியிடம் கேட்டால், அந்த என்ஜினைத் தொட்டால் சாவியே தர மாட்டேன் என்கிறார். இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. முதலில் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

லேத் பட்டறை:
என்ஜினைச் சூடேற்றிவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் எண்ணை எழுதுங்கள். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். இரண்டாவது முறை எண் நன்றாக ஏறினால் ரிங். ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது ஹெட் காஸ்கெட். புகை நீலமா கறுப்பா என்பதையும் பாருங்கள், கறுப்பு என்றால் கார்புரேட்டர்தான் முதல் சந்தேகம், அது சில ஆயிரத்தில் முடிகிற வேலை. எட்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

தேவகோட்டை டீசல்:
போடட்டும். ஆனால் அந்த இசுசுவை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்னைக் கேட்கக் கூடாது. விலை என்ன சொன்னார், என்ஜின் மட்டும்? எனக்கு ஸ்பேருக்கு ஒன்று வேண்டும்.