மெலமைன் தட்டுல சூடா ரசம் ஊத்தலாமா?

கடைக்குட்டி:
கிரகப்பிரவேசத்துக்கு வந்த மெலமைன் தட்டு ஒரு டஜன் இருக்கு. நேத்து மிஞ்சின சாம்பார் சாதத்த அதுலயே வச்சு மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் ஓட்டினேன், சாதம் நடுவுல ஜில்லுனே இருக்கு, தட்ட தொட முடியல, ஒரு மாதிரி வாடை வேற. அம்மா பாத்துட்டு "சைனாவுல பால்பவுடர்ல கலந்து குழந்தைங்க செத்துச்சே அதானே இது"ன்னு மொத்தத்தையும் பரண்ல ஏத்திட்டாங்க. இதுல கார்பென்டர் வேற கதவுக்கு மெலமைன் பாலிஷ் அடிக்கணும்ங்கறார். எல்லாம் ஒண்ணுதானா?

லேப்காரன்:
மூலம் ஒண்ணுதான் பாஸ். யூரியாவுலேர்ந்து எடுக்கற வெள்ளப் பவுடர் அது. ஃபார்மால்டிஹைடுங்கற ரசாயனத்தோட சேத்து அச்சுல அழுத்தி சூடு பண்ணா இறுகிடும், திருப்பி உருகாது, அதான் உங்க தட்டு, சன்மைகா மேல் லேயரும் அதே பிசின்தான். 2008ல சைனாவுல பவுடராவே பால்ல கலந்தாங்க. தண்ணி ஊத்தின பால்ல புரோட்டீன் குறையும்ல, ஆனா டெஸ்ட்ல நைட்ரஜன அளந்துதான் புரோட்டீன் கணக்கு போடறாங்க, மெலமைன் எடையில மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன், டெஸ்ட் பாஸ் ஆயிடும். சான்லுன்னு ஒரு சைனா கம்பெனியோட பால்பவுடர்லதான் முதல்ல மாட்டுச்சு. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைங்களுக்கு பாதிப்பு, கிட்னில கல்லு, 6 குழந்தைங்க போயிடுச்சு. அம்மா பயந்ததுல தப்பே இல்ல.

மெஸ் அக்கா:
எங்க மெஸ்ல பத்து வருஷமா இதான் தம்பி. டிபனுக்கு ஓகே, கொதிக்கற ரசம் மட்டும் எவர்சில்வர் டம்ளர்லதான். கம்பி நார் போட்டு தேச்சா பளபளப்பு போயி சாம்பார் மஞ்சள் ஏறிக்கும், அந்த தட்ட நான் தூக்கிப் போட்டுருவேன். ரொம்ப மலிவா கிடைக்கறதுல உள்ள யூரியா பிசின், மேல மட்டும்தான் மெலமைன், பாத்து வாங்குங்க.

லேப்காரன்:
அக்கா சொன்னது கரெக்ட், சூடும் புளிப்பும் சேர்ந்தா தட்டுலேர்ந்து மெலமைன் துளித்துளியா வெளிய வரும். தைவான்ல 12 பேருக்கு மெலமைன் கிண்ணத்துல சூடா நூடுல்ஸ் சூப் குடுத்து சிறுநீர டெஸ்ட் பண்ணிருக்காங்க, பீங்கான் கிண்ணத்துல குடிச்சப்ப இருந்தத விட ஆறு மடங்குக்கு மேல. ஆனா அதுவும் மைக்ரோகிராம் கணக்குதான், பதறாதீங்க. மைக்ரோவேவ் மட்டும் வேணவே வேணாம்.

மரவேலை மணி:
பாலிஷ் அடிக்கலாம், ஹார்டனர் கலந்து அடிக்கறது, அன்னிக்கு கண்ணு எரியும், ஜன்னல தொறந்து போட்டுட்டு சொந்தக்காரங்க வீட்டுக்கு போயிடுங்க. அப்பறம் சுவத்துல புள்ளைங்க கிறுக்கினத தொடைக்கற வெள்ள ஸ்பாஞ்சு இருக்குல்ல, அதுவும் மெலமைன்தான், ஆனா நைசான உப்புத்தாள் மாதிரி. பைக் டேங்க்ல தேச்சு மங்கலாக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கடைக்குட்டி:
அம்மாட்ட படிச்சு காட்டினேன். தட்டு கீழ இறங்கிடுச்சு, முறுக்கு வைக்க மட்டுமாம்.