'இழும்' என்ற சொல்லை இன்று எப்படி எழுதுவது?

வணக்கம். திருமுருகாற்றுப்படையின் கடைசியில் பழமுதிர்சோலை அருவி 'இழுமென இழிதரும்' என்று வருகிறது, தொல்காப்பியச் செய்யுளியலிலும் 'இழுமென் மொழி' என்று இருக்கிறது, என்னிடமுள்ள அகராதியோ இனிய ஓசை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த ழு நாக்கில் வழுக்கிக்கொண்டு போவதே தண்ணீர் இறங்குவது மாதிரி இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, என் சந்தேகம் இதுதான். பாட்டியின் தாலாட்டைப் பற்றி எழுதும் கட்டுரையில் 'இழுமென்ற குரல்' என்று போடலாமா, இல்லை இன்றைய வாசகர் அதை 'இழு' என்ற வினையாகப் படித்துக் குழம்பிவிடுவாரா? 'சலசல' போல இதுவும் வெறும் ஒலிக்குறிப்புதானா, இனிமை என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறதா? அப்புறம், உங்கள் ஊர்ப் பேச்சில் எங்காவது இதைக் கேட்டிருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடிக்க வேண்டும்.