கடிக்கிற புள்ளையை எப்படிங்க வழிக்குக் கொண்டு வர்றது?

பாலவாடி டீச்சர், அவிநாசி பக்கம்

ஏனுங்க, அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசந்தான் ஆச்சு. சென்டர்ல 19 புள்ளைங்க. ஆறு பேரு பனியன் கம்பெனிக்கு வந்த பீகார் குடும்பத்துப் புள்ளைங்க. அதுல ஒருத்தன், ரெண்டே முக்கால் வயசு, எப்பப் பாத்தாலும் பக்கத்துப் புள்ளையைக் கடிச்சு வெக்கறான். போன வாரம் ஒரு பாப்பா தோள்பட்டையில பல்லு பதிஞ்சு போச்சு. அவங்கம்மா வந்து, "ஒண்ணு அவனை அனுப்புங்க, இல்லீன்னா எம்புள்ளையை அனுப்ப மாட்டேன்"னு சத்தம் போட்டுட்டுப் போனாங்க. எங்க ஆயாம்மா, "திருப்பி ஒரு கடி கடிச்சு வுடுங்க, அப்பத்தான் வலி தெரியும்"ங்கறாங்க. எனக்கு மனசு வரலீங்க. அதட்டுனா அவன் சிரிக்கிறான். என்ன பண்றது?

பெருந்துறை, ப்ளே ஸ்கூல் நடத்துறேன்

எங்ககிட்ட ஸ்டார் சார்ட் இருக்கு. அன்னிக்கு யாரையும் அடிக்கலைன்னா பேருக்கு நேரா ஒரு ஸ்டார். அடிச்சா மூலையில சேர் போட்டு அஞ்சு நிமிஷம். நல்லா வேலை செய்யுது. ட்ரை பண்ணிப் பாருங்க மேடம்.

கோபிக்காரி, ரிட்டயர்டு டீச்சர்

கண்ணு, 33 வருசம் பாலவாடியில இருந்தவ சொல்றேன். "எப்பப் பாத்தாலும்"னு சொல்லாதே. எத்தனை மணிக்குக் கடிக்கிறான்? ஒரு நோட்டு போட்டு ஒரு வாரம் எழுது. மணி எத்தனை, எங்க உக்காந்திருந்தான், பக்கத்துல யாரு, கையில என்ன இருந்துச்சு. அவ்வளவுதான்.

எங்கிட்டயும் இப்படி ஒருத்தன் இருந்தான். அஞ்சு நாள் எழுதிப் பாத்தா ஏழு கடி. அதுல ஆறு, பதினொண்ணரைக்கு மேல, சோத்துக்கு உக்கார வெச்ச பொறவு. அப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. கையைக் கழுவி வுட்டு, தோளோட தோள் இடிக்கற மாதிரி வரிசையா உக்கார வெச்சுருவோம். உள்ள ஆயா அப்பத்தான் முட்டை உரிச்சுட்டு இருப்பா. இருபது நிமிசம் புள்ளைக சும்மா உக்காந்திருக்கோணும். கல்யாணப் பந்தியில எலையைப் போட்டுட்டு இருபது நிமிசம் சாம்பார் வரலீன்னா நாம என்ன பேச்சுப் பேசறோம்? அது மூணு வயசுக்கு வாயில வார்த்தை இல்லை, பல்லுதான் இருக்குது.

மறுநாள்லருந்து சோறு எறங்குன பொறவுதான் கை கழுவுறதுன்னு மாத்திட்டோம். தட்டு வெக்கற வேலையை அவனுக்குக் குடுத்தேன். ஒவ்வொரு தட்டா கொண்டுபோய் வெப்பான், நெம்பப் பெருமையா. தட்டு வெச்சு முடியறதுக்குள்ள சோறு வந்துரும். கடி நின்னே போச்சுன்னு சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒண்ணுன்னு கொறைஞ்சுது. அப்புறம் பேச்சு வர வர அதுவும் போச்சு.

கடிச்ச நேரத்துல, கடிபட்ட புள்ளைகிட்ட மொதல்ல போ. சோப்புத் தண்ணியில கழுவு, தோல் கிழிஞ்சிருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டு. அப்புறம் இவன்கிட்ட வந்து குத்த வெச்சு உக்காந்து, கண்ணைப் பாத்து ரெண்டே வரி: "கடிச்சா வலிக்கும். வேணும்னா கையை நீட்டு." இவ்வளவுதான். நீ பத்து நிமிசம் பேசுனா அவனுக்கு அது வேடிக்கை. அதான் சிரிக்கிறான்.

திருப்பிக் கடிக்கறது வேண்டவே வேண்டாம் சாமி. பெரியவங்களும் கடிப்பாங்கன்னுதான் அவன் கத்துக்குவான். பூச்சாண்டி, போலீசு, ஊசியும் வேண்டாம். நான் புதுசுல "நர்சம்மா ஊசி போட்டுருவாங்க"ன்னு மெரட்டிட்டு இருந்தேன். தடுப்பூசிக்கு நர்சம்மா வந்து வாசப்படி ஏறுனதும் மொத்த சென்டரும் கத்துச்சு பாரு, அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கலை.

அவன் பீகார்ப் பையன்னு சொன்னயே, அதுதான் பெரிய விசயம். "தண்ணி", "எனக்கு", "போதும்" ஒண்ணும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவங்கம்மா கூட்டிட்டுப் போக வரும்போது அஞ்சு வார்த்தை கேட்டுக்க. பானி தண்ணி, தோ குடு, மேரா என்னுது. நீ அவன் பாசையில ஒருக்கா, நம்ம பாசையில ஒருக்கா சொல்லு.

ஸ்டார் நானும் ஒட்டிப் பாத்தேனுங்க, பெருந்துறைக்காரரே. மூணாம் நாளு அடுத்தவன் ஸ்டாரைப் பிச்சு எடுக்கறதுக்கே சண்டை வந்துச்சு. அஞ்சு வயசுக்கு வேணா சரி. ரெண்டே முக்கால் வயசுல காலையில செஞ்சதுக்குப் பொழுதோட ஒட்டுனா, எதுக்கு ஒட்டுனாங்கன்னே தெரியாது. தனியா மூலையில உக்கார வெக்கறதும் அப்படித்தான். நம்ம பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாலே அடங்கும்.

ரெண்டு புள்ளைக்காரி, பல்லடம்

கடிபட்ட புள்ளையோட அம்மாவா நான் ஒண்ணு சொல்றேன். எம்பையனைக் கடிச்சது எனக்கு ராத்திரி குளிக்க வெக்கும்போதுதான் தெரிஞ்சுது. கடிச்சதுக்கு வந்த கோபத்தை வுட, மறைச்சதுக்கு வந்த கோபம் எச்சு. கூட்டிட்டுப் போகும்போதே நீங்களா சொல்லிருங்க. யாரு கடிச்சாங்கன்னு சொல்லாதீங்க (ஊருக்கே தெரிஞ்சிருக்கும், அது வேற).

பாலவாடி டீச்சர், அவிநாசி பக்கம்

அக்கா, நோட்டு போட்டேனுங்க. எங்கிட்ட சோத்து நேரம் இல்லீங்க, காலையில! 10 மணிக்கு வந்ததும் ஒரே ஒரு லாரி பொம்மைக்குத்தான் சண்டை. அவங்கப்பா நைட் ஷிப்டாமா, ஒரே ரூமு. அவரு வந்து கதவைத் தொறக்கறப்பவே இவனும் எந்திரிச்சுக்கறானாம். தூக்கம் பத்தாமத்தான் வர்றான்.

கோபிக்காரி, ரிட்டயர்டு டீச்சர்

அப்பச் சரி, அந்த லாரியை எடுத்து மேல வெச்சுரு. மூணு வயசுக்குள்ள பங்கு போட வராது கண்ணு, நாம மெனக்கெட வேண்டாம். ஒரே சாமான் எச்சா இருக்கோணும். உங்க ஊர்ல நிட்டிங் கம்பெனியில நூல் தீந்து போன காலிக் கோன் கெடைக்குமே, ஒரு சாக்கு கேளு, சும்மாவே குடுப்பாங்க. அடுக்கலாம், உருட்டலாம், வாயில வெச்சு ஊதலாம். நுனி பிசிறு இருந்தா மட்டும் வெட்டி வுட்டுரு. வந்ததும் அவனைப் பத்து நிமிசம் உன் மடியிலயோ பாயிலயோ சாய வுடு, தூங்குனாத் தூங்கட்டும். "ஓடாதே, தள்ளாதே"ன்னு சொன்னா அதுக காதுல "ஓடு, தள்ளு"தான் விழும். "நடந்து வா சாமி"ன்னு சொல்லிப் பாரு.

பாலவாடி டீச்சர், அவிநாசி பக்கம்

மூணு வாரம் ஆச்சுங்க அக்கா. 60 கோன் வந்துச்சு. போன வாரம் ஒரே ஒரு கடி, அதுவும் கோனைத்தான் கடிச்சிருக்கான். அந்தப் பாப்பாவோட அம்மா தெனமும் என்னைக் கேட்டுட்டுத்தான் வுட்டுட்டுப் போறாங்க, இன்னும் மூஞ்சி மலரலை. ஒரு புதுச் சிக்கலுங்க: இப்ப நம்மூருப் புள்ளைங்க அத்தனையும் கோனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு "மேரா மேரா"ன்னு கத்துதுங்க. நேத்து ஒரு அப்பிச்சி வந்து, "ஏனம்மணி, எம்பேரன் என்ன பேசறான்?"னு கேக்கறாரு.

கோபிக்காரி, ரிட்டயர்டு டீச்சர்

அப்பிச்சிக்கும் ஒரு கோன் குடு.