சிறு காலிபர் துப்பாக்கியும் தாமிரக் குண்டும்: மான் வேட்டையில் நேர்ந்தவை

இன்வெர்னஸ் பகுதியிலிருந்து:

மான் வேட்டையில் ஈயக் குண்டை விட்டுத் தாமிரக் குண்டுக்கு மாறுவது பற்றித்தான் இங்கே பேசுகிறோம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கி .243 (குண்டின் விட்டம், அங்குலத்தில்), குண்டு 80 கிரெய்ன் (ஏறத்தாழ 5 கிராம்), முழுத் தாமிரம். வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில், பிர்ச் மரங்களின் ஓரத்தில் ஏறத்தாழ 120 கஜத் தொலைவில் சிறிய வகை மானான ரோ மானில் ஓர் ஆண் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்துச் சுட்டேன். அது துள்ளவுமில்லை, முதுகை வளைக்கவுமில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடிபடாத மானைப் போலவே பிராக்கன் என்னும் பெரணிப் புதருக்குள் ஓடி மறைந்தது. நின்ற இடத்தில் மண்டியிட்டுத் தேடியபோது, குண்டு அறுத்துப்போட்ட மயிர் ஒரு சிட்டிகை அளவு கிடைத்தது. இரத்தம் ஒரு துளிகூட இல்லை. நாய்தான் புதருக்குள் மானைக் கண்டுபிடித்தது. அறுத்துப் பார்த்தால் இரு நுரையீரலும் துளைபட்டிருந்தன. ஆனால் குண்டு வெளியேறிய துளை, நுழைந்த துளையைவிடச் சிறிதளவே பெரிதாக இருந்தது. நாய் இல்லாத ஒருவர் அந்த வெறும் புல்லைப் பார்த்துவிட்டு, தவறிவிட்டது என்று திரும்பிப் போயிருப்பாரே என்ற எண்ணம் என்னை விடவில்லை. .243-இல் தாமிரம் போதாது என்றே கருதத் தொடங்கியிருக்கிறேன்.

நார்ஃபோக்கிலிருந்து:

அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. நுரையீரலில் அடிபட்ட மான் ஈயக் குண்டுக்கும் ஓடத்தான் செய்யும். ஈயம் உடலுக்குள் சிதறி அகலமாகக் கிழிக்கிறது. தாமிரம் சிதறாமல் முனை மட்டும் இதழ்களாக விரிந்து ஊடுருவிச் செல்கிறது. ஆகவே விலா எலும்புகளுக்கு இடையே மெல்லிய இடத்தில் பட்டால், அது விரிவதற்குத் தேவையான எதிர்ப்பு குறைவாகவே கிடைக்கும். நான் அதே .243-ஐக் கொண்டு, நாணல் விளிம்பில் நின்ற சீன நீர்மானைத் தோளெலும்பின் மேல் சுட்டேன். சத்தம் அடங்குமுன் நான்கு கால்களும் ஒருசேர மடிந்து, நின்ற இடத்திலேயே விழுந்தது. என்னை இன்றும் வியக்க வைப்பது அதன்பின் கண்டதுதான்: தோல் உரித்தபோது தோள் இறைச்சியில் இரத்தம் கட்டிய பகுதி உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஈயத்தில் அப்படிச் சுட்டிருந்தால் அந்தத் தோள் முழுவதையும் எறிய நேர்ந்திருக்கும். குறியைச் சற்று முன்னே நகர்த்துங்கள், அண்ணா. குண்டைக் குறை சொல்லாதீர்கள்.

பெர்த்ஷயரிலிருந்து:

இருவரும் குறி வைக்கும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு முன்பே முடிவாகிவிடும் ஒன்று இருக்கிறது. என் நண்பரின் பழைய, இன்னும் சிறிய காலிபரான .223-இல் 62 கிரெய்ன் தாமிரக் குண்டைப் போட்டுக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தோம். துளை வட்டமாக இல்லை. குண்டின் முழு நீளமும் பக்கவாட்டில் பதிந்து, சாவித்துவாரத்தைப் போல் கிழிந்திருந்தது. அது மானின் மேல் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

காரணம் எளிது. கன சென்டிமீட்டருக்கு ஈயத்தின் அடர்த்தி 11.3 கிராம், தாமிரத்தினுடையது 8.96. ஆகவே அதே எடைக்குத் தாமிரக் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டு நிலையாகப் பறக்க, அது விரைவாகச் சுழல வேண்டும்; அதற்குக் குழலின் உட்புறத்தில் வெட்டிய திருகு வரியான புரி, குறைந்த அங்குலத்திலேயே ஒரு சுற்றை முடிக்க வேண்டும். அந்த .223-இன் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று; அந்தக் குண்டுக்கு அது போதவில்லை. பெரும்பாலான .243 குழல்களில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவற்றில் 80, 85 கிரெய்ன் தாமிரம் நன்றாகப் போகும், 100 கிரெய்ன் தாமிரம் போகாது. ஸ்காட்லாந்தில் ரோ அல்லாத மான்களுக்குக் குறைந்தது 100 கிரெய்ன் வேண்டும் என்றிருந்த விதியை 2023-இல் 80 ஆகக் குறைத்ததும் இதனால்தான். ஆனால் 1750 அடி-பவுண்டு ஆற்றல் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. 80 கிரெய்ன் குண்டு அதை எட்ட, குழல்வாயில் வினாடிக்கு ஏறத்தாழ 3140 அடி வேகம் வேண்டும். சத்தம் குறைப்பானைப் பொருத்துவதற்காகக் குழலை வெட்டிக் குட்டையாக்கியவர்கள், பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை நம்பாமல், வேகமானியை வைத்துத் தாங்களே அளந்து பார்ப்பது நல்லது. மேலும், தாமிரத்துக்கு மாறும்போது குழலைப் பழைய படிவு போக நன்கு துடைத்துவிட்டு, குறியைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். ஈயத்தில் சரியாக இருந்த ஸ்கோப் (குறிநோக்கி) தாமிரத்தில் ஓரிரு அங்குலம் விலகிக் காட்டக்கூடும். ஒரு நிறுவனத்தின் குண்டு உங்கள் குழலுக்கு ஒத்துவராவிட்டால் வேறொன்றை வாங்கிப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தொலைவையும் குறைத்துக்கொள்ளுங்கள்: வேகம் வினாடிக்கு 2000 அடிக்குக் கீழே இறங்கினால், பல தாமிரக் குண்டுகள் சரியாக விரிவதில்லை.

ஆர்கைலிலிருந்து:

நான் தாமிரத்துக்கு மாறியதற்குக் காரணம் துப்பாக்கி அல்ல, சாப்பாட்டுத் தட்டு. ரோ மானின் முன்தொடையை மிளகு போட்டு வறுத்திருந்தோம். மாமியார் மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தி, விரலால் நாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். எள்ளைவிடச் சிறிய சாம்பல் நிற ஈயத் துணுக்கு; நகத்தால் அழுத்தினால் நசுங்கியது. குண்டு பட்ட இடத்தைச் சுற்றிலும் தாராளமாகவே வெட்டி எறிந்திருந்தோம். அப்படியும் அது அவ்வளவு தூரம் போயிருந்தது. பக்கத்தில் அதே கறியைப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்த ஈயத் தடைக்கு அடிப்படையான பரிந்துரை, 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள குண்டுகளைப் பற்றியது. .243 சரியாக அந்த எல்லையில் நிற்கிறது; .223 அதற்குள் வரவில்லை. அதனால் .223 வைத்திருப்பவர்கள் ரோ மானுக்கு ஈயத்தையே தொடரலாம் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். குன்றில் விட்டுவரும் குடலை, அதிலுள்ள ஈயத் துணுக்குகளோடு தின்ன வரும் கழுகுக்கு அந்த மில்லிமீட்டர் கணக்கு தெரியாது. இன்வெர்னஸ் நண்பரே, நாயை வைத்திருங்கள், தோளில் சுடுங்கள், ஆனால் ஈயத்துக்குத் திரும்பாதீர்கள். பெர்த்ஷயர் நண்பரிடம் ஒரு கேள்வி: 8 அங்குலப் புரியுள்ள .223-இல் 55 கிரெய்ன் தாமிரத்தை ரோ மானுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? எவ்வளவு தொலைவு வரை நம்பலாம்?